முற்றிலும் சாதாரண மனுஷி ஒருத்தி தேவை

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. ஈரக் காலணியை வாசலிலேயே கழற்றினீர்கள்தானே? நல்லது. ஜன்னல் பக்கம் குளிரும், இப்படி அடுப்போரமாக நகர்ந்து உட்காருங்கள். காபி கொதித்து, தூள் அடியில் படிவதற்குள் ஒரு கதை சொல்லிவிடுகிறேன். ராஜா ராணி கதை இல்லை. எங்கள் ஊரில் ஓர் அலுவலகம் எல்லாவற்றையும் எளிமையாக்கக் கிளம்பிய கதை. அதில் முட்டாள் வேடம் எனக்கு. ஒத்திகையே தேவைப்படவில்லை.

ஊருக்கு வெளியே இருக்கும் பழைய செம்புச் சுரங்கத்துக்குள் ஒரு சூப்பர் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார்களே, அது நினைவிருக்கிறதா? கணக்குப் போடுகிற ஆராய்ச்சியாளர்கள் யாரும் அந்தக் குகைக்கு வருவதில்லை. ஹெல்சிங்கியிலோ ஓஸ்லோவிலோ தங்கள் மேஜையில் உட்கார்ந்தபடி கணினித் திரையில் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறப்பார்கள். அதில் நாலு வரி தட்டுவார்கள். இங்கே குகைக்குள் இயந்திரம் முனகத் தொடங்கும். முனகினால் சூடாகும். அந்தச் சூட்டைக் குழாய் வழியாக எங்கள் நகராட்சி நீச்சல்குளத்துக்குத் திருப்பியிருந்தார்கள். அவர்களுக்கு அறிவு வளர்ந்தது, எங்களுக்கு முட்டிவலி குறைந்தது. இரு தரப்புக்கும் லாபம்.

பிறகு மேலிடத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் பார்வையிட வந்தார். கறுப்பு ஜன்னலைப் பார்த்தார். "இது ஏன் என்னைப் பார்த்து முகத்தைத் தூக்கி வைச்சிருக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்காக 'எளிய அணுகல் மையம்' பிறந்தது. துறைமுகத்துக்கு எதிரே கண்ணாடிக் கட்டடம். அதன் வாசற்கதவில் 'தள்ளவும்' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதன் கீழே 'மன்னிக்கவும், இழுக்கவும்' என்று இன்னொரு தாள். உண்மையில் அந்தக் கதவு பக்கவாட்டில் நகரும்.

மையம் செய்த முதல் வேலை, கறுப்பு ஜன்னலை மூடியது. இரண்டாவது வேலை, அதற்குப் பதிலாக யாரும் எளிதாக நுழையக்கூடிய ஒரு மென்பொருளைச் செய்யத் தொடங்கியது. அதற்கு 'நண்பன்' என்று பெயர் வைத்தார்கள். மூன்றாவதாக, நீச்சல்குளத்து அறிவிப்புப் பலகையில் ஒரு விளம்பரம் ஒட்டினார்கள்: முற்றிலும் சாதாரண மனிதர் ஒருவர் தேவை. முன்னனுபவம் இருக்கக் கூடாது.

அதை எனக்கு வாசித்துக் காட்டியவள் என் சிநேகிதி ஹெல்வி. "சைமி, உனக்காகவே எழுதின மாதிரி இருக்குடி" என்றாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். என் சுபாவம் அப்படி.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். இயக்குநர் தோர்ஸ்தி, வீட்டுக்குள்ளும் கழுத்துத்துணி சுற்றிக்கொண்டிருப்பவர். நட்புணர்வுப் பிரிவுத் தலைவி யன்னிகா, நான் தும்மினாலும் குறித்துக்கொள்கிறவள். மூன்றாவது ஆள் ஒஸ்மோ. 'நண்பனை' உண்மையில் எழுதிக்கொண்டிருந்தவன் அவன்தான். கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்திருந்தான், வாயே திறக்கவில்லை.

"சூப்பர் கம்ப்யூட்டர்னா என்னன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார் தோர்ஸ்தி.

"குளத்துத் தண்ணியைச் சூடாக்குற அடுப்பு."

யன்னிகா கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டாள். "இவ்வளவு சுத்தமா ஒருத்தரை நான் பார்த்ததே இல்ல" என்றாள்.

"என்ன வேலை பார்த்தீங்க?"

"பள்ளிக்கூடச் சமையலறையில இருந்தேன். இப்ப நூலகத்துல பிள்ளைங்களுக்குக் கதை சொல்றேன். புத்தகத்துல இருக்கிற மாதிரி சொல்லமாட்டேன், என் இஷ்டத்துக்குச் சொல்லுவேன்."

"பிரமாதம்" என்றார் தோர்ஸ்தி. "எழுதி வைச்சதையே மதிக்காத ஆள். அப்ப நம்ம வழிகாட்டிப் புத்தகத்தை இவங்க திறக்கவே போறதில்ல. இப்படிப்பட்டவங்களுக்காகத்தான் நாம உழைக்கிறோம்."

எனக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்வது. என் படம், கீழே பெரிய எழுத்தில்: அதிகாரபூர்வ சாதாரண மனிதர். அதை மாட்டிக்கொண்டு நான் கடைத்தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினேன். உருளைக்கிழங்கு வாங்கப் போன இடத்தில்கூட சட்டைக்குள் மறைந்துவிடாதபடி இழுத்து விட்டுக்கொண்டேன். சாதாரணமாக இருப்பதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை என்று ஓர் அலுவலகமே எழுதிக் கொடுத்திருக்கிறது, லேசான காரியமா?

ஹெல்வி பார்த்துவிட்டு, "ஊரெல்லாம் தேடி உன்னைப் பிடிச்சாங்களா? நான் இங்கதானே இருக்கேன், எனக்கு என்ன குறைச்சல்?" என்றாள். குரலில் பொறாமை. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

என் வேலை சுலபம். வாரம் ஒருமுறை 'நண்பன்' முன்னால் உட்கார வேண்டும். மனதில் படுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எனக்கு அது வேலையா? மற்றவர்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி எனக்குப் பேச்சு.

திரையில் ஒரு நீர்நாய் வந்து சிரித்தது. "வணக்கம், சைமி! இன்று எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்டது. கீழே ஐந்து முகங்கள். நான் நடுவில் இருந்த முகத்தைத் தொட்டேன். ஏன் இன்னும் மகிழ்ச்சியாக இல்லை என்று கேட்டது. "எனக்கு முட்டி வலி" என்றேன். யன்னிகா குறித்துக்கொண்டாள். அடுத்த வாரம் அங்கே ஒரு முட்டிப் படம் இருந்தது. அதைத் தொட்டால் நீர்நாய் வருத்தப்பட்டது.

"கண்ணு கூசுது" என்றேன். நீர்நாய்க்குக் கறுப்புக் கண்ணாடி வந்தது. "எங்க இருக்கேன்னே தெரியலயே" என்றேன். வரைபடம் வந்தது. "இந்த வரைபடம் எனக்குப் புரியல" என்றேன். வரைபடத்தை விளக்க இரண்டாவது நீர்நாய் ஒன்றை அமர்த்தினார்கள். இரண்டு நீர்நாய்களும் ஒரே நேரத்தில் பேசியபோது, "கொஞ்சம் வாயை மூடுங்களேன்" என்றேன். அதற்கும் ஒரு பொத்தான் வைத்தார்கள். ஆனால் அதை அழுத்தினால், நிச்சயமாகத்தான் அழுத்தினீர்களா என்று இரண்டும் சேர்ந்து கேட்டன.

கணக்குச் சொல்லிக்கொடுக்க வண்ணப் பெட்டிகள் இருந்தன. நிரல் எழுதத் தெரியாதவர்களும் பெட்டிகளை இழுத்துக் கோத்து இயந்திரத்துக்குக் கட்டளையிடலாமாம். இரண்டையும் மூன்றையும் கூட்டச் சொன்னார்கள். நான் நீலப் பெட்டியை மஞ்சளோடு கோத்தேன், மஞ்சளைப் பச்சையோடு கோத்தேன், பச்சை ஒரு தகுதிச் சான்று கேட்டது, அதைச் சிவப்பிலிருந்து எடுத்தேன். திரை கிழிந்த கம்பளம் மாதிரி ஆனது. குகைக்குள் பாதி இயந்திரம் விழித்துக்கொண்டது என்று பிறகு சொன்னார்கள். கடைசியில் நீர்நாய் கை தட்டி, "வாழ்த்துகள்! விடை ஏறக்குறைய ஐந்து!" என்றது.

இன்னொன்றும் கவனித்தேன். "அந்த நீர்நாய் வாலுல ஏதோ கறுப்பா ஒட்டியிருக்கே" என்றேன்.

அதுவரை பேசாத ஒஸ்மோ காது சிவந்து போனான். "அழுக்கு" என்றான். "போகாது."

யன்னிகா அதைக் குறிக்கவில்லை. ஒஸ்மோ பேசிவிட்ட அதிர்ச்சியில் இருந்தாள்.

வியாழக்கிழமைதோறும் கூட்டம். எங்கள் ஆட்கள் கூட்டம் போடும் முறை உங்களுக்கே தெரியும். தலைவர் தீர்மானத்தை வாசிப்பார். "யாருக்காவது சொல்ல ஏதாவது உண்டா?" என்பார். எல்லோரும் காபிக் கோப்பைக்குள் பார்ப்பார்கள். தலைவர் மரச்சுத்தியலால் மேஜையில் 'டொக்' என்று ஒரு தட்டுத் தட்டுவார். நிறைவேறியது. பேசாதவன் சம்மதித்தவன். ஆனால் இந்த மையத்தில் ஒரு விதி கூடுதல்: சாதாரண மனிதர் ஏதாவது சொன்னால், அதைச் சரிசெய்யும்வரை 'நண்பனை'த் திறக்கக் கூடாது. தோர்ஸ்தி ஒவ்வொரு வியாழனும் சுத்தியலை உயர்த்துவார். நான் ஒவ்வொரு வியாழனும் ஏதாவது சொல்வேன். சுத்தியல் பஞ்சுமேல் இறங்குவதுபோல மெல்லக் கீழே இறங்கும். எல்லோரும் என்னை நன்றியோடு பார்ப்பார்கள். எனக்கு இன்னொரு ஏலக்காய் பன் கிடைக்கும்.

இப்படியே கோடை போயிற்று, இலையுதிர்காலம் வந்தது. எங்கள் குளத்தில் தண்ணீர் குளிர்ந்துகொண்டே வந்தது. கறுப்பு ஜன்னலும் மூடியிருக்கிறது, 'நண்பனும்' திறக்கவில்லை. குகைக்குள் இயந்திரம் என்ன செய்யும்? சும்மா கிடந்தது. எங்கள் நீர்ப்பயிற்சிக் குழுவில் ஹெல்வியின் உதடு நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. பயிற்சி முடிந்ததும் எல்லோரும் நீராவிக் குளியலறையான சவுனாவுக்குள் முண்டியடித்தோம். நான் மட்டும் இதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லாதவள்போலத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தேன். உண்மையாகவே சம்பந்தம் தெரியவில்லை. நான் அதிகாரபூர்வமானவள்.

அந்தச் சவுனாவில்தான் வென்லாவைப் பார்த்தேன். சின்னப் பிள்ளையில் என்னிடம் நூலகத்தில் கதை கேட்டவள். இப்போது கடல் உறைவதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். இன்றும் என்னைக் கதை அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

"அத்தை, 'நண்பன்' எப்ப திறப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டே ஆவி எழும்ப அடுப்பின் சுடுகல்லின்மேல் தண்ணீர் ஊற்றினாள்.

"அவசரப்பட முடியாதும்மா. நான் ரொம்ப நல்லா புரிஞ்சுக்காம இருக்கேன்னு போன வாரம்கூடப் பாராட்டினாங்க."

அவள் சிரிக்கவில்லை. "போன கோடையில கப்பல் வழிக்காகக் கடலைத் தோண்டினாங்கள்ல? அதுல நீரோட்டம் மாறிடுச்சு, அத்தை. கடல் உறைஞ்சதும் மேல பார்த்தா ஐஸ் கெட்டியா இருக்கும். அடியில ஓட்டம் அரிச்சுக்கிட்டே இருக்கும். எந்த இடத்துல அரிக்கும்னு கணக்குப் போட்டுச் சொன்னாதான் ஹர்மாசாரித் தீவுக்கு உறைஞ்ச கடல்மேல பனிச்சாலை போடுவோம்னு சாலைத் துறைக்காரங்க சொல்லிட்டாங்க. கணக்கெல்லாம் எழுதித் தயாரா வைச்சிருக்கேன். சூப்பர் கம்ப்யூட்டருக்கு ரெண்டு நாள் வேலை. உள்ளே போகத்தான் வழியில்ல."

"பனிச்சாலை இல்லைன்னா என்ன ஆகும்?"

"ஐஸ் பிடிச்சதும் படகு நின்னுடும். அப்பாவைப் பார்க்க நர்ஸம்மா எப்படி வருவாங்க? அவரைத் தீவுலேர்ந்து கூட்டிட்டு வந்து கரையில முதியோர் இல்லத்துல விடணும்னு சொல்றாங்க. 'என்னைத் தூக்கணும்னா அடுப்போட சேர்த்துத் தூக்கிட்டுப் போ'ங்கறார் அவர்."

அவள் அப்பா ஔவோவை எனக்குத் தெரியும். சுவரோடு சேர்த்துக் கட்டிய அந்த அடுப்பையும் தெரியும். இரண்டும் அசையக்கூடியவை அல்ல.

"பழைய கறுப்பு ஜன்னலை உனக்கு மட்டும் திறந்துவிடச் சொல்லிக் கேட்டியா?"

"கேட்டேன். தோர்ஸ்தி என்ன சொன்னார் தெரியுமா? 'அந்த வழி உங்களுக்குத் தெரியும், மத்தவங்களுக்குத் தெரியாது. அது சமத்துவம் இல்ல. இப்ப யாருமே உள்ளே போக முடியாது. எங்க மையத்தோட வரலாற்றுலயே இவ்வளவு நியாயமான நிலைமை இருந்ததில்ல'ன்னார்."

மேல்படியில் உட்கார்ந்திருந்த ஹெல்வி குனிந்து பார்த்தாள். "சரி, அதைத் திறக்கவிடாம ஒவ்வொரு வாரமும் யாரு நொட்டை சொல்றது?"

வென்லா கல்லின்மேல் இன்னொரு அகப்பைத் தண்ணீர் ஊற்றினாள். என் முதுகு எரிந்தது. கல்லிலிருந்து எழும்பிய ஆவிதான் என்று வைத்துக்கொண்டேன்.

அந்த வியாழக்கிழமை நான் தலையை நிமிர்த்திக்கொண்டு போனேன். தோர்ஸ்தி சுத்தியலை எடுத்ததும் எழுந்து நின்றேன். "எனக்கு எல்லாம் புரியுது. இதைவிடச் சுலபமா ஒண்ணை நான் பார்த்ததே இல்ல. திறந்துடுங்க" என்றேன்.

யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். யன்னிகாவின் முகம் மோர் மாதிரி வெளுத்தது. எனக்குப் பக்கத்தில் வந்து மண்டியிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "சைமி அம்மா, உண்மையைச் சொல்லுங்க. வீட்டுல இதைப் பத்தி யோசிச்சீங்களா?"

"கொஞ்சம்."

"எவ்வளவு நாளா?"

தோர்ஸ்தி கழுத்துத்துணியைத் தளர்த்திக்கொண்டார். "நண்பர்களே, பதற வேண்டாம். இதை எதிர்பார்த்துத்தான் விதி வகுத்திருக்கோம். 'நண்பன்' சுலபம்னு சாதாரண மனிதர்தான் சொல்லணும். ஆனா சுலபம்னு சொல்றவங்க பயிற்சி பெற்றவங்க. பயிற்சி பெற்றவங்க சாதாரண மனிதர் இல்ல. அதனால அவங்க சுலபம்னு சொன்னது செல்லாது. கஷ்டம்னு சொல்லியிருந்தா செல்லும். அப்படிச் சொன்னா நாம சரிசெய்யணும். எப்படிப் பார்த்தாலும் நம்ம வேலைக்கு ஒரு குறையும் இல்ல."

என்னை மறதி விடுப்பில் அனுப்பினார்கள். ஏரிக்கரையில் மையத்துக்குச் சொந்தமான ஒரு குடில். அங்கே போய், கற்றதையெல்லாம் மறந்து, பழைய நிலைக்குத் திரும்பி வர வேண்டும். யோசனை வந்தால் விறகு வெட்டச் சொன்னார்கள். மேற்பார்வைக்கு உறவினர் ஒருவர் தேவையாம், ஹெல்வி வந்தாள். எங்களுக்குள் உறவு கிடையாது. குடிலில் இலவசமாகத் தங்கலாம் என்றதும் பிறந்த உறவுதான்.

மூன்றாம் நாள் காலையில் வாளியோடு தண்ணீர் மொள்ளப் போனேன். ஏரியின் ஓரத்தில் கண்ணாடிபோல மெல்லிய ஐஸ் பிடித்திருந்தது. வாளி விளிம்பு பட்டு உடைந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏரி முதலில் உறையும், பிறகு கடலின் குறுகிய விரிகுடாக்கள், பிறகு ஹர்மாசாரி. திரும்பி வந்து ஹெல்வியிடம் புலம்பினேன். கஷ்டம் என்றாலும் தள்ளிப்போகிறது, சுலபம் என்றாலும் தள்ளிப்போகிறது. அழுவதுபோல நடிக்கலாமா, சிரிப்பதுபோல நடிக்கலாமா, திட்டலாமா, தோர்ஸ்தியின் கழுத்துத்துணியைப் பிடித்து இழுக்கலாமா என்று வெகுநேரம் பேசினேன்.

ஹெல்வி மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டே கேட்டாள். பிறகு, "நம்ம குடியிருப்புல சைக்கிள் கொட்டகைக்குப் பச்சை வர்ணம் எப்படி அடிச்சாங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"இப்ப எதுக்கு அது?"

"வருஷக்கணக்கா ஒவ்வொரு கூட்டத்துலயும் நீ வர்ணத்தைப் பத்திப் பேசினே. சிவப்புங்கறே, மஞ்சளுங்கறே, உங்க சித்தி வீட்டுக் கொட்டகையைப் பத்திக் கதை சொல்றே. கொட்டகை வெறும் பலகையாவே நின்னுச்சு. ஒரு தடவை உனக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிட்டாங்க. வாய் நிறையப் பஞ்சு. அன்னைக்கு ஒரே 'டொக்'. மறுநாள் பச்சை."

நான் ஹெல்வியைப் பார்த்தேன். ஹெல்வி மீனைப் பார்த்தாள்.

"உன் வாயை நீ மூடியிருந்தா இந்த ஊர்ல எத்தனையோ காரியம் நடந்திருக்கும்டி" என்றாள். அவள் திட்டுவதற்காகத்தான் சொன்னாள். யோசனையாகச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்கமாட்டேன்.

கண்ணுகளா, உங்களில் சிலருக்கு இது அற்பமாகத் தோன்றும். வாயை மூடுவது ஒரு சாகசமா என்று கேட்பீர்கள். மலை ஏறத் தெரியாதவனை மலை ஏறச் சொன்னால் பரிதாபப்படுகிறீர்கள் அல்லவா? என்மேலும் கொஞ்சம் பரிதாபப்படுங்கள்.

அடுத்த வியாழன். நான் மறந்துவிட்டேனா என்று பார்க்க யன்னிகா என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்: "சூப்பர் கம்ப்யூட்டர்னா என்ன?" நான் தோளைக் குலுக்கினேன். அவளுக்கு உயிர் வந்தது. "முந்தியைவிட நல்லா இருக்காங்க" என்று தோர்ஸ்தியிடம் கிசுகிசுத்தாள்.

தோர்ஸ்தி எழுந்து உரையாற்றத் தொடங்கினார்.

"நண்பர்களே, முன்னெல்லாம் இந்த இயந்திரத்தை நிறையப் பேர் பயன்படுத்தினாங்க. ஆனா தினமும் புகார். வரிசை நீளம், அது வேலை செய்யல, இது வேலை செய்யல. இந்த வருஷம் ஒருத்தரும் பயன்படுத்தல. ஒரு புகார்கூட இல்ல. அளவுகோல் எதை வைச்சுப் பார்த்தாலும் நம்ம பயனாளர்கள் இவ்வளவு நிம்மதியா இருந்ததில்ல."

என் நாக்கு நுனியில் ஒரு பதில் வந்து நின்றது. அதன்மேல் ஏலக்காய் பன்னைத் திணித்தேன்.

"சைமி அம்மா நூலகத்துல ஒரு கதை சொல்லுவாங்களாம். அது நமக்குப் பாடமா இருக்கு. ஒரு கரடி, பூட்டின ஆலைக் கதவைத் தட்டுது. யாரும் திறக்கல. உடனே அந்தக் கரடி என்ன பண்ணுது? பயிற்சி வகுப்புல சேருது."

என் கதை. நானே கட்டிய கதை. அதில் கரடி கதவைப் பெயர்த்து, தோளில் போட்டுக்கொண்டு, காட்டுக்குள் போய், அதையே மேஜையாகப் போட்டுச் சாப்பிடும். பிள்ளைகள் அந்த இடத்தில்தான் கை தட்டுவார்கள். பயிற்சி வகுப்பாம். நான் இரண்டாவது பன்னை எடுத்து முழுதாக வாய்க்குள் வைத்தேன். கன்னம் இரண்டும் உப்பி, கண்ணில் நீர் வந்துவிட்டது.

"உணர்ச்சிவசப்படறாங்க" என்றாள் யன்னிகா.

தோர்ஸ்தி சுத்தியலை எடுத்தார். "'நண்பனை'ப் பயனாளர்களுக்குத் திறந்துவிடலாம்ங்கற தீர்மானம். யாருக்காவது சொல்ல ஏதாவது உண்டா?"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. சுவரில் பெரிய திரையில் நீர்நாய் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "சைமி, நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா?" என்று கேட்டது. நான் மென்றேன்.

"சைமி அம்மா?" என்றார் தோர்ஸ்தி. குரலில் ஒரு கெஞ்சல். பாவம், திறந்துவிட்டால் பிறகு என்ன செய்வது என்று அவருக்கும் தெரியாது.

நான் மென்றேன். நம் ஆட்களுக்கு மௌனத்தில் கூச்சமில்லை, நம் வீட்டில் அது ஒரு நாற்காலிபோல எப்போதும் இருக்கும் பொருள். எல்லோரும் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். ஒஸ்மோ தன் காலுறையைப் பார்த்தான். வெளியே ஒரு கடற்காகம் வந்து கண்ணாடிச் சுவரோரம் உட்கார்ந்து, யாரும் பேசாததைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. எனக்குக் கரடி கதையின் முடிவு தொண்டையில் முட்டியது. ஔவோவின் அடுப்பை நினைத்துக்கொண்டேன். அதன்மேல் எப்போதும் காயும் அவருடைய கையுறைகளை நினைத்துக்கொண்டேன்.

டொக்.

தோர்ஸ்தியே தன் கையைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். தவறு அவருடையதல்ல, இத்தனை நேரம் மௌனத்தைக் கேட்டால் நம் ஆள் கை தானாகவே இறங்கிவிடும். நிறைவேறியது நிறைவேறியதுதான்.

எல்லோரும் எழுந்து போகும்போது ஒஸ்மோ என் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். "வால்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அந்த வருஷத்தில் அவன் பேசிய அடுத்த சொல்.

தெருவுக்கு வந்ததும் வென்லாவுக்குப் போன் செய்தேன். பன்னை இன்னும் முழுசாக விழுங்கியிருக்கவில்லை.

"அத்தை, திறந்துட்டாங்க. ஆனா ரெண்டு நீர்நாய் வந்து எனக்கு முட்டி வலிக்குதான்னு கேக்குது."

"அது என் முட்டி, அதை விடு. முதல் நீர்நாயோட வாலுல ஒரு அழுக்கு இருக்கா? கறுப்பா?"

"இருக்கு."

"அதைத் தொடு."

மறுமுனையில் ஒரு 'டிக்' கேட்டது. பிறகு வென்லா, காணாமல்போன பூனை படியேறி வந்ததைப் பார்த்தவள்போல, "கறுப்பு ஜன்னல், அத்தை" என்றாள். உடனே தட்டச்சு ஓசை கேட்டது. நான் போனை வைக்கவில்லை. பேசவும் இல்லை. ஒரே நாளில் இரண்டு தடவை, நம்புவீர்களா?

மறுநாள் நீர்ப்பயிற்சிக்குப் போனோம். வழக்கம்போல முதல் படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு காலை நனைத்தோம். இரண்டாம் படியில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஹெல்வி கழுத்துவரை இறங்கிவிட்டாள். அவளுடைய உதடு உதட்டின் நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

"யாரோ கணக்குப் போடறாங்க" என்றாள்.

யாரும் வேறெதுவும் சொல்லவில்லை. அத்தனை கிழவிகளும் கண்ணை மூடிக்கொண்டு மிதந்தோம்.

கடல் உறைந்த பிறகு பனிச்சாலை போட்டார்கள். இரண்டு பக்கமும் சவுக்குக் கன்றுகள்போல ஊசியிலைக் கிளைகளை நட்டு வழி காட்டினார்கள். நேராகப் போக வேண்டிய சாலை, தோண்டிய இடத்தை ஒதுக்கி வடக்கே வளைந்து போனது. நர்ஸம்மாவின் சின்னச் சிவப்புக் கார் அதில் முதன்முதலாகப் போனபோது வென்லாவோடு நானும் பின்சீட்டில் இருந்தேன். ஔவோ வாசலில் நின்றபடியே கத்தினார்: "யாரு போட்ட ரோடு இது? குடிச்சவன் நடந்த மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது."

"கடல் அடியில அப்படித்தான் போகுதுப்பா" என்றாள் வென்லா.

அவர் அதை யோசித்துப் பார்த்தார். "சரி, உள்ளே வாங்க. அடுப்பு எரியுது" என்றார்.

மையத்துக்கு அந்த வசந்தத்தில் ஒரு விருது கிடைத்தது. தோர்ஸ்தி மேடையில் பேசினார்: "பயனாளர்கள் 'நண்பன்'மேல உயிரையே வைச்சிருக்காங்க. எங்க கணக்கெடுப்பு சொல்லுது, நூத்துக்கு நூறு பேர் உள்ளே வந்ததும் முதல் வேலையா நீர்நாயோட வாலைத் தொடறாங்க. பாசத்தை இதைவிட எப்படிக் காட்ட முடியும்?" ஒஸ்மோ கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டினான். சத்தம் வரவில்லை, கம்பளிக் கையுறை போட்டிருந்தான்.

என் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். திறந்துவிட்ட மென்பொருளைப் பார்த்தவள் இனிச் சாதாரண மனிதர் இல்லையாம். அந்த வேலை இப்போது ஹெல்விக்கு. அவளும் கடைத்தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினாள். உருளைக்கிழங்குக் கடையில் அட்டையை வெளியே இழுத்து விட்டுக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். எனக்குப் பொறாமையே இல்லை. கொஞ்சம்தான்.

தூள் படிந்துவிட்டது, காபி தயார். நான் வாயை மூடினால்தான் நல்லது நடக்கும் என்று ஊருக்கே தெரிந்துவிட்டதால், உங்களுக்கும் ஒரு நல்லது செய்துவிட்டுப் போகிறேன், கண்ணுகளா. உங்கள் வீட்டுக் கதவு தொட்டால் திறக்கட்டும், எந்தப் பக்கம் தள்ளுவது என்று யாரும் எழுதி ஒட்ட வேண்டியிராமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்போதும் கதகதப்பாக இருக்கட்டும். உங்களைத் தேடி வருகிறவர்களின் காலடியில் ஐஸ் கெட்டியாக இருக்கட்டும். மற்றதை நான் சொல்லவில்லை. ஆட்சேபம் இல்லையென்றால், நிறைவேறியதாக இருக்கட்டும்.